பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே: சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் பார்த்து வாங்குவது, மாட்டுவது

லைன் கரண்ட் வராத இடத்தில் சோலார் போடுகிறவர்கள் பேனலைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள், பேட்டரியைப் பற்றி இன்னும் பத்துப் பேரிடம் கேட்பார்கள், நடுவில் உட்காரும் கன்ட்ரோலரை மட்டும் கடைசி நேரத்தில் கையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், அதற்கு ஒரு நல்ல பேட்டரியை இழந்தேன், அதைக் கீழே சொல்கிறேன். இந்தச் செட்டப்பில் சீக்கிரம் சாகக்கூடிய பொருள் பேட்டரிதான். அதைக் காப்பாற்றுவதும் கொல்வதும் கன்ட்ரோலர் கையில் இருக்கிறது. அதனால் கன்ட்ரோலரை எத்தனை ஆம்பியர் என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் உங்கள் பேட்டரி எந்த வகை என்பதையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அது என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 12 வோல்ட் பேனல் என்று விற்பது வெயிலில் ஒன்றும் இணைக்காமல் அளந்தால் 22 வோல்ட் வரை காட்டும். அதை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் ஒரு கட்டத்துக்கு மேல் பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வற்றும், பிளேட் வீணாகும். கன்ட்ரோலர் அதைக் கட்டம் கட்டமாகக் கொடுக்கிறது. பேட்டரி பசியாக இருக்கும்போது கிடைக்கிற கரண்ட் முழுவதையும் உள்ளே விடும், இதை பல்க் என்பார்கள். வோல்டேஜ் 14.4 மாதிரி ஓர் அளவைத் தொட்டதும் அந்த வோல்டேஜிலேயே பிடித்து வைத்துக்கொண்டு கரண்ட் தானாகக் குறையும்வரை காத்திருக்கும், இது அப்சார்ப்ஷன். நிறைந்தபிறகு 13.6 பக்கம் இறக்கி, உள்ளே தானாகக் குறைகிற அளவுக்கு மட்டும் ஊட்டிக்கொண்டிருக்கும், அது ஃப்ளோட். ராத்திரி பேட்டரியிலிருந்து பேனலுக்குக் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பதும் இதன் வேலைதான்.

பி.டபிள்யூ.எம்மா, எம்.பி.பி.டியா

கன்ட்ரோலரில் இந்த இரண்டு வகை உண்டு, எதை வாங்குவது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. பி.டபிள்யூ.எம் என்பது உள்ளபடி ஒரு வேகமான சுவிட்ச். பேனலையும் பேட்டரியையும் நேராக இணைக்கும், துண்டிக்கும், மறுபடி இணைக்கும். இணைத்திருக்கும் நேரத்தில் பேனலின் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜுக்கே இறங்கிவிடும். எம்.பி.பி.டி அப்படியில்லை. பேனல் எந்த வோல்டேஜில் அதிகமாகப் பவர் கொடுக்குமோ அங்கேயே அதை ஓடவிட்டு, வருகிற அதிக வோல்டேஜைக் குறைத்து அதற்கு ஈடாக ஆம்பியரை ஏற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும்.

கணக்காகப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். 72 செல் கொண்ட 330 வாட் பேனல் ஒன்றின் ஸ்டிக்கரில் 37.5 வோல்ட், 8.8 ஆம்பியர் என்று இருக்கிறது என்று வையுங்கள். இதை பி.டபிள்யூ.எம் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் போட்டால், உள்ளே போவது சுமார் 9 ஆம்பியர், பேட்டரி 13 வோல்ட், ஆக 117 வாட். மீதி 200 வாட்டுக்கு மேல் வராமலே போய்விடுகிறது. அதே பேனலை எம்.பி.பி.டியில் போட்டால் நல்ல வெயிலில் பேட்டரிக்கு 24 ஆம்பியர் பக்கம் போகும். பெரிய பேனலை வாங்கிச் சின்ன பி.டபிள்யூ.எம்மில் மாட்டிவிட்டு, 'பேனல் சரியில்லை, பாதிகூட வரவில்லை' என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், பேனல் மேல் ஒரு தப்பும் இருக்காது.

ஆனால் பி.டபிள்யூ.எம் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 36 செல் பேனலும் (12 வோல்ட் பேனல் என்று விற்பது) 12 வோல்ட் பேட்டரியும், அல்லது 72 செல் பேனலும் 24 வோல்ட் பேட்டரியும் என்று ஜோடி பொருந்தியிருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். அதிலும் வெப்பமான இடங்களில் பேனல் சுட்டு 65 டிகிரிக்குப் போகும்போது 18 வோல்ட் என்று போட்டிருப்பது 15 வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கிவிடும், அப்போது எம்.பி.பி.டி கூடுதலாக எடுத்துக் கொடுப்பது பத்துப் பதினைந்து சதவீதம்தான். இரண்டு லைட், ஒரு போன் சார்ஜர், ஒரு சின்ன ஃபேன் என்று 100, 150 வாட்டுக்குள் முடிகிற செட்டப்புக்கு நல்ல பி.டபிள்யூ.எம் போதும், மிச்சத்தைப் பேட்டரியில் போடுங்கள். 200 வாட்டைத் தாண்டினாலோ, 60 செல், 72 செல் பேனலை 12 வோல்ட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றாலோ, பேனல் தூரத்தில் இருந்தாலோ எம்.பி.பி.டிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே எம்.பி.பி.டி என்று அச்சடித்து உள்ளே வெறும் பி.டபிள்யூ.எம் வைத்து விற்கிற பெட்டிகள் ஏராளமாகப் புழங்குகின்றன. அசல் எம்.பி.பி.டிக்குள் செம்புக் கம்பி சுற்றிய கனமான காயில் இருக்கும், பின்னால் அலுமினிய ஹீட் சிங்க் இருக்கும், அதனால் கையில் எடுத்தாலே எடை தெரியும். 30 ஆம்பியர் எம்.பி.பி.டி என்று சொல்லி ஒரு மொபைல் போன் கனத்தில் இருந்தால் நம்பாதீர்கள். சந்தேகமே இல்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும்போது, நல்ல வெயிலில், டி.சி அளக்கிற கிளாம்ப் மீட்டரை முதலில் பேனலிலிருந்து வரும் வயரில் மாட்டிப் பாருங்கள், அப்புறம் பேட்டரிக்குப் போகும் வயரில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆம்பியர் காட்டினால் அது பி.டபிள்யூ.எம். பேட்டரிப் பக்கம் தெளிவாக அதிகமாக இருந்தால் எம்.பி.பி.டி. கிளாம்ப் மீட்டர் இல்லையென்றால் சாதா மல்டிமீட்டரை எடுத்து, சார்ஜ் ஆகும்போது கன்ட்ரோலரின் பேனல் டெர்மினலில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரி வோல்டேஜை ஒட்டியே இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பது பொய்.

எவ்வளவு பெரியது

பேனலுக்குப் பின்னால் நான்கு எண்கள் இருக்கும். வி.ஓ.சி என்பது ஒன்றும் இணைக்காதபோது வரும் வோல்டேஜ். ஐ.எஸ்.சி என்பது இரண்டு வயரையும் சேர்த்தால் ஓடும் கரண்ட். வி.எம்.பி, ஐ.எம்.பி இரண்டும் அதிகப் பவர் வரும் இடத்தில் உள்ள வோல்டேஜும் கரண்டும். ஸ்டிக்கரை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேனலை மேலே ஏற்றி மாட்டியபிறகு பின்பக்கம் படிக்க முடியாது.

எம்.பி.பி.டி கன்ட்ரோலரில் இரண்டு அளவுகள் முக்கியம்: தாங்கக்கூடிய அதிகபட்ச பேனல் வோல்டேஜ், பேட்டரிக்குக் கொடுக்கக்கூடிய ஆம்பியர். இதில் இரண்டாவது கொஞ்சம் தவறினாலும் பெரும்பாலான நல்ல கன்ட்ரோலர்கள் தானே அளவோடு நிறுத்திக்கொள்ளும், நமக்குக் கொஞ்சம் பவர் நஷ்டம், அவ்வளவுதான். முதலாவது அப்படியில்லை. வோல்டேஜ் எல்லையைத் தாண்டினால் உள்ளே சுவிட்ச் வேலை செய்கிற மாஸ்ஃபெட் போய்விடும், அப்புறம் வாரண்டியும் கிடையாது.

எல்லோரும் கோட்டை விடுவது குளிர் விஷயத்தில். ஸ்டிக்கரில் இருக்கும் எண்கள் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தவை. குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், சாதாரண சிலிக்கான் பேனலுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம். 46 வோல்ட் வி.ஓ.சி உள்ள இரண்டு பேனலை சீரிஸில் (ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு இணைத்து) போட்டால் 92. கன்ட்ரோலர் 100 வோல்ட் தாங்கும், சரி என்று தோன்றும். ஆனால் 5 டிகிரிக்கு இறங்குகிற ஒரு விடியற்காலையில் வெயில் முதலில் விழும்போது அது ஆறு சதவீதம் ஏறி 97, 98க்குப் போய் நிற்கும். இன்னும் குளிர்கிற இடமாக இருந்தால் நூறைத் தாண்டும். இந்த ஜோடிக்கு 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள், இல்லையென்றால் பேனல்களை பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போடுங்கள். வோல்டேஜ் ரொம்பக் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான், பேட்டரியைவிடச் சில வோல்ட் அதிகமாக வந்தால்தான் எம்.பி.பி.டி விழித்துக்கொள்ளும்.

ஆம்பியருக்கு, மொத்த பேனல் வாட்டை பேட்டரி வோல்டேஜால் வகுங்கள். 660 வாட், 12 வோல்ட் என்றால் 55, ஆக 60 ஆம்பியர் கன்ட்ரோலர். அதே பேனல் 24 வோல்ட் பேட்டரிக்கு என்றால் 27.5, 30 ஆம்பியர் போதும். கன்ட்ரோலர் பாதியாகிறது, வயர் தடிமன் குறைகிறது, ஃப்யூஸ் குறைகிறது. 500 வாட்டுக்கு மேல் போகப் போகிறீர்கள் என்று தெரிந்தால் முதலிலேயே 24க்குப் போய்விடுங்கள், பாதியில் மாற்றுவது இன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்றுகிற வேலை. பி.டபிள்யூ.எம் என்றால் கணக்கு வேறு: பேரலலில் உள்ள பேனல்களின் ஐ.எஸ்.சியைக் கூட்டி 1.25ஆல் பெருக்குங்கள். 6 ஆம்பியர் பேனல் இரண்டு என்றால் 15, எனவே 20 ஆம்பியர் வாங்கலாம்.

பேட்டரியும் இவ்வளவு கரண்ட்தான் வாங்கும் என்று ஒரு அளவு உண்டு. லெட் ஆசிட் பேட்டரிக்கு அதன் ஏ.எச்சில் (பேட்டரியில் எழுதியிருக்கும் ஆம்பியர்-அவர் கொள்ளளவில்) பத்தில் ஒரு பங்கு நிதானமான சார்ஜ், 150 ஏ.எச். என்றால் 15 ஆம்பியர். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்ப்பக்கமும் பாருங்கள், பெரிய பேட்டரியை வாங்கிவிட்டு 5 ஆம்பியர் மட்டும் கொடுத்தால் அது ஒரு நாளும் முழுதாக நிறையாது.

செட்டிங், இதுதான் உயிர்

என் பேட்டரி போன கதை இங்கேதான் வருகிறது. 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி, தண்ணீர் ஊற்றுகிற வகை. புதுக் கன்ட்ரோலரை மாட்டினேன், பச்சை லைட் எரிந்தது, சாயங்காலம் ஃபுல் என்று காட்டியது, நிம்மதியாக விட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்து, முன்பு விடியும்வரை ஓடிய ஃபேன் நடுராத்திரிக்கு முன்பே நிற்க ஆரம்பித்தது. மூடிகளைக் கழற்றி, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தால், முழு நாள் வெயிலுக்குப் பிறகும் 1.18ஐத் தாண்டவில்லை, 1.24 பக்கம் இருக்க வேண்டியது. அப்போதுதான் மெனுவைப் புரட்டினேன். பேட்டரி வகை என்ற இடத்தில் ஜெல் (தண்ணீர் ஊற்றாத மூடிய வகை) என்று இருந்தது, பெட்டியிலிருந்து வரும்போதே அப்படி வந்திருக்கிறது. ஜெல்லுக்கு 14.1 வோல்ட்டில் நிறுத்துவது சரி, என் பேட்டரிக்கு அது போதாது. ஒவ்வொரு நாளும் முக்கால் வயிறோடு விட்டதில் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிட்டது. செட்டிங்கை மாற்றி, ஈக்வலைஸ் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) போட்டு, நான்கு செல் ஓரளவு தேறியது, இரண்டு செல் எழவே இல்லை. பச்சை லைட் பொய் சொல்லவில்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்த அளவை எட்டியதும் அது எரிந்தது. அந்த அளவே தப்பு.

அதனால் மாட்டிய அன்றே செட்டிங்கைப் பாருங்கள். பேட்டரியோடு வந்த தாளில் உள்ள எண்கள்தான் முதல் பேச்சு. அது கிடைக்காவிட்டால், 12 வோல்ட் பேட்டரிக்குப் பொதுவாக இப்படி வரும்: தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட்டுக்கு அப்சார்ப்ஷன் 14.4 முதல் 14.8, ஃப்ளோட் 13.5 முதல் 13.8. ஏ.ஜி.எம்முக்கு (இதுவும் தண்ணீர் ஊற்றாத மூடிய வகை) 14.4 முதல் 14.6. ஜெல்லுக்கு 14.1, 14.2. எல்.எஃப்.பி என்கிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.6, ஃப்ளோட் 13.5 பக்கம். 24 வோல்ட் என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஈக்வலைஸ் என்பது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வேண்டுமென்றே கொதிக்க வைப்பது, தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மட்டும்தான் அது. ஜெல், ஏ.ஜி.எம் பேட்டரிகளில் ஏதாவது ஏ.ஜி.எம் தயாரிப்பாளர் தெளிவாக அனுமதித்தால் ஒழிய தொடவே கூடாது. லித்தியத்தில் கண்டிப்பாக அணைத்து வையுங்கள், சில கன்ட்ரோலர்கள் மாதம் ஒரு தடவை தானாகவே ஈக்வலைஸ் போடும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜைத் திருத்துகிற வசதியும் லெட் ஆசிட்டுக்குத்தான். 12 வோல்ட் பேட்டரிக்கு, 25 டிகிரிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 24 மில்லிவோல்ட் என்று வைத்தால், 40 டிகிரி வெப்பத்தில் 0.36 வோல்ட் குறைவாகக் கொடுக்க வேண்டும், 14.4க்குப் பதில் 14.04. கன்ட்ரோலரோடு ஒரு குட்டி சென்சார் வயர் வந்திருந்தால் அதைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிடாதீர்கள், பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். லித்தியத்துக்கு இந்தத் திருத்தத்தை பூஜ்யமாக வைக்க வேண்டும். அதோடு 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யவே கூடாது, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ் அதைத் தடுக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

லோடை (லைட், ஃபேன் மாதிரி கரண்ட் எடுக்கிறவற்றை) துண்டிக்கிற வோல்டேஜையும் பாருங்கள். நிறைய கன்ட்ரோலர்களில் அது 10.7, 11.1 என்று வந்திருக்கும். லெட் ஆசிட் பேட்டரியை அவ்வளவு தூரம் இறக்கினால் சீக்கிரம் போய்விடும். நான் 11.8இல் வைத்திருக்கிறேன், திரும்பச் சேர்வதற்கு 12.6. ராத்திரி கொஞ்சம் முன்னாடியே லைட் நிற்கும், ஆனால் பேட்டரி கூடுதல் வருஷங்கள் வரும்.

மாட்டுவது

வரிசை மாறக்கூடாது. முதலில் பேட்டரி, அப்புறம் பேனல், கடைசியில் லோடு. கழற்றும்போது தலைகீழ்: லோடு, பேனல், பேட்டரி. கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று கண்டுகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் அதற்குத் திசை தெரியாது, சில கன்ட்ரோலர்கள் அந்த நிமிஷமே போய்விடும். வெயிலில் இருக்கிற பேனல் வயரைக் கையாளுவதற்கு முன் பேனலை ஒரு தடித்த துணியால் மூடுங்கள், அல்லது நடுவில் ஒரு டி.சி பிரேக்கர் வைத்து அதை ஆஃப் செய்யுங்கள். டி.சி பிரேக்கர் என்று அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் லைன் கரண்ட்டுக்குப் (ஏ.சி மின்சாரத்துக்குப்) போடுகிற பிரேக்கர் இங்கே ஆகாது, டி.சியில் பொறி தானாக அணையாது, பிரிக்கும்போது உள்ளேயே எரியும்.

பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஃப்யூஸ் கட்டாயம், பேட்டரியின் பிளஸ்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். 30 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 40 ஆம்பியர் ஃப்யூஸ் போடலாம், ஆனால் வயர் அந்த ஃப்யூஸைவிட அதிகம் தாங்குவதாக இருக்க வேண்டும்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரி 2 மீட்டர் தூரம், போக வர 4 மீட்டர், 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், 30 ஆம்பியர் ஓடுகிறது என்றால் வயரிலேயே 0.35 வோல்ட் போய்விடும். கன்ட்ரோலர் 14.4 என்று பார்க்கும்போது பேட்டரியில் இருப்பது 14.05தான். பேட்டரி நிறையாமலே அது அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அதனால் கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், 10 ஸ்கொயர் வயர் போடுங்கள். தூரம் போக வேண்டியிருந்தால் அது பேனல் பக்கம் போகட்டும், அங்கே வோல்டேஜ் அதிகம், நஷ்டம் குறைவு. பக்கத்தில் என்பதற்காகத் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டிவிடாதீர்கள், சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜனும் ஆசிட் ஆவியும் உள்ளே ஏறும். பக்கவாட்டில், எரியாத சுவரில், செங்குத்தாக, மேலும் கீழும் ஒரு சாண் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். சூடேறினால் எம்.பி.பி.டி தானாகக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும், நல்ல வெயில் அடிக்கிற நேரத்தில்தான் அது நடக்கும்.

இன்வெர்ட்டரைக் கன்ட்ரோலரின் லோடு டெர்மினலில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அந்த இடம் லைட்டுக்கும் சின்ன டி.சி ஃபேனுக்கும் உரியது. இன்வெர்ட்டர் ஆன் ஆகும் நொடியில் இழுக்கிற கரண்ட் அதன் சாதாரண கரண்டைவிடப் பல மடங்கு இருக்கும், லோடு சுவிட்ச் அங்கேயே கருகிவிடும். இன்வெர்ட்டர் நேராகப் பேட்டரிக்கு, தனி ஃப்யூஸோடு. இன்னொன்று, நிறைய பி.டபிள்யூ.எம் கன்ட்ரோலர்களில் உள்ளே பிளஸ் மூன்றும் ஒன்று, மைனஸ் பக்கம்தான் சுவிட்ச் ஆகிறது. அதில் பேனல் மைனஸையும் பேட்டரி மைனஸையும் வெளியே ஒன்றாகக் கட்டிவிட்டால் கன்ட்ரோலரே நடுவில் இல்லாத மாதிரி, பேட்டரி தடையில்லாமல் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். வாகனத்தில் போடுகிறவர்கள் பாடியில் எல்லா மைனஸையும் சேர்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம்

முதல் நல்ல வெயில் நாளில், நடுப்பகலில், மல்டிமீட்டரைப் பேட்டரி முனையிலேயே வைத்து அளந்து கன்ட்ரோலர் திரையில் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரோ, அதன் நுனியில் அழுத்திய லக்கோ, ஸ்க்ரூவோ சரியில்லை. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே எந்த டெர்மினல் சூடாக இருக்கிறது என்று தெரியும். பல இழை வயரின் நுனியில் ஃபெரூல் (சின்ன உலோகக் குழல்) போட்டு இறுக்குங்கள், ஒரு மாதம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை இறுக்குங்கள், செம்பு கொஞ்சம் அமுங்கித் தளர்ந்திருக்கும்.

பகல் முழுக்க நல்ல வெயில் அடித்தும் கன்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு வரவே இல்லை என்றால் பேனல் போதவில்லை அல்லது லோடு அதிகம். காலை பத்து மணிக்கே ஃப்ளோட்டுக்குப் போய்விட்டு ராத்திரி சீக்கிரம் இறங்கிவிட்டால் பேட்டரி கொள்ளளவு குறைந்துவிட்டது, அல்லது வயரில் வோல்டேஜ் போகிறது. லெட் ஆசிட் வைத்திருக்கிறவர்கள் வெயில் வருவதற்கு முன், லோடு எல்லாம் அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு வோல்டேஜ் பாருங்கள். 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, அதற்குக் கீழே தினமும் போகிறது என்றால் இரவுச் செலவைக் குறைக்க வேண்டும் அல்லது ஒரு பேனல் கூட்ட வேண்டும். லித்தியத்தில் இந்த முறை உதவாது, முக்காலுக்கும் காலுக்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும். அதற்கு மைனஸ் வயரில் ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் சின்ன ரெசிஸ்டர்) வைத்த ஒரு பேட்டரி மானிட்டர் போட்டு, போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.